நெட்டை சொன்ன ஓசைகள்

இந்தப் பருவத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் இணையத்தில் ஒரு குழு வேலையாவது கொடுத்தே தீர வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொன்னபோது, ஆசிரியர் அறையில் பெருமூச்சு விட்டவர்களில் அறிவியல் டீச்சரும் ஒருத்தி. கணினி என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. வீட்டில் மின்கட்டணம் கட்டுவதிலிருந்து கணவனுடைய மறந்துபோன கடவுச்சொற்களைக் கண்டுபிடிப்பது வரை எல்லாம் அவள் பொறுப்புதான். அவளுக்குப் பிடிக்காதது குழு வேலை. நான்கு பேர் சேர்ந்தால் ஒருத்தர் சுமப்பார், ஒருத்தர் சும்மா கை வைத்துக்கொண்டு கூட வருவார், மீதி இரண்டு பேர் எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு குழு வேலைகூடக் கொடுக்காமல் எப்படியோ தப்பித்து வந்திருந்தாள்.

"டீச்சர், முகத்த இப்படி வச்சுக்காதீங்க," என்றார் கம்ப்யூட்டர் சார். பள்ளிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. யாருடைய கணினி மக்கர் செய்தாலும் முதலில் அந்தக் கணினியைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். "இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. பசங்க எல்லாரும் ஒரே கோப்புல சேர்ந்து எழுதுவாங்க. யார் வேலை செஞ்சா, யார் ஓபி அடிச்சான்னு கோப்பே காட்டிக் கொடுத்துடும். பாருங்க."

அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். ஒரு பொத்தானை அழுத்தியதும் எழுத்துகள் வண்ண வண்ணமாக மாறின. பச்சையில் ஒருவர் எழுதியது, நீலத்தில் இன்னொருவர் எழுதியது. எந்த நாள், எத்தனை மணி, யார் எதை அழித்தார்கள் என்பது வரை ஓரத்தில் வரிசையாக இருந்தது.

"அப்ப யாரும் ஏமாத்த முடியாது?"

"தலைகீழா நின்னாலும் முடியாது டீச்சர்."

அது அவளுக்குப் பிடித்துப்போனது. இரண்டு நாள் உட்கார்ந்து எட்டாம் வகுப்புக்கு ஒரு வேலையை வடிவமைத்தாள். தலைப்பு, 'ஒரு பொருளின் கடைசிப் பயணம்'. வீட்டில் தூக்கிப் போடும் ஏதாவது ஒரு பொருளை ஒவ்வொரு குழுவும் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பேட்டரி, உடைந்த கண்ணாடி, பிய்ந்த மெத்தை, எதுவாகவும் இருக்கலாம். அது வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு எங்கெல்லாம் போகிறது, யார் கையிலெல்லாம் மாறுகிறது, கடைசியில் என்ன ஆகிறது என்று நேரில் போய் விசாரித்து ஒரே கோப்பில் எழுத வேண்டும். இருபது மதிப்பெண். பத்து குழுவுக்கு, பத்து அவரவர் எழுதிய பங்குக்கு. 'யார் எழுதியது என்பதைக் கோப்பு காட்டும்' என்று கடைசி வரியில் அழுத்தமான எழுத்தில் போட்டாள். எழுதி முடித்ததும் அவளுக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது.

முதல் நாள் கணினி அறை சந்தைக்கடை ஆனது. ஒன்பது குழுவுக்கும் ஒன்பது கோப்பு கொடுப்பதற்குப் பதில், தவறுதலாக ஒரே கோப்பை முப்பத்தாறு பேருக்கும் அனுப்பிவிட்டாள். "டீச்சர், யாரோ என் மேலயே டைப் பண்றாங்க!" என்று ஒரு குரல். "டீச்சர், என் பேட்டரிய மெத்தை குரூப் அழிச்சிடுச்சு!" என்று இன்னொன்று. யாரோ ஒரு புண்ணியவான் கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து ஊதா வண்ணம் அடித்தான். கம்ப்யூட்டர் சார் ஓடிவந்து எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்கும்போது பாடவேளை முடிந்து மணி அடித்தது.

அதற்குப் பிறகு வேலை நன்றாகவே நடந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு ஓய்வுப் பாடவேளையில், சிவப்புப் பேனாவும் மதிப்பெண் தாளுமாக அவள் உட்கார்ந்தாள்.

செருப்புக் குழுவின் கோப்பைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மற்ற குழுக்கள் எழுதியதெல்லாம் பாடப்புத்தகத்தின் சித்தி மகள் போல இருந்தன. இது வேறு மாதிரி. 'குப்பை லாரி ஓட்டுநர் சொன்னார்: செருப்பு சும்மா வராது, ஒரு சேதியோடுதான் வரும். ஜோடியாக வந்தால் அந்த வீட்டில் யாரோ புதுசு வாங்கிவிட்டார்கள். ஒற்றையாக வந்தால் அந்த வீட்டில் நாய் இருக்கிறது.' கழிவு பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்யும் ஒரு அம்மா, ரப்பரையும் தோலையும் கண்ணை மூடிக்கொண்டு மோப்பத்திலேயே பிரித்துக் காட்டினாராம். செருப்பு தைப்பவர், தன்னிடம் தைக்கக் கொடுத்துவிட்டு ஆறு வருடமாக வாங்க வராத ஒரு சிவப்புச் செருப்புக்கு இன்னும் வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறாராம். டீச்சர் இரண்டு தடவை படித்தாள்.

பிறகு கம்ப்யூட்டர் சார் சொல்லிக் கொடுத்த பொத்தானை அழுத்தினாள். மூன்று வண்ணங்கள்தான் தெரிந்தன. குழுவுக்குத் தலைமை தாங்கிய பையன் பச்சை. வகுப்பில் எல்லோரும் 'தலைவர்' என்று கூப்பிடும் பையன் அவன். நோட்டுக்கு அட்டை போடுவதற்குக்கூடத் திட்டம் தீட்டுவான். பத்து விரலாலும் மழை மாதிரி தட்டச்சு செய்யும் பெண் நீலம். அவளுக்கு 'வேகம்' என்று பெயர். படங்கள் வரைந்து போட்டவன் மஞ்சள். நாலாவது ஆள் 'ரேடியோ'. அந்தப் பெண் தூங்கும்போதும் பேசுவாள் என்று அவள் அம்மாவே பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அவள் எழுதியது மூன்று வாரத்தில் ஒரே ஒரு வரி. முதல் நாள் நாலு மணி பத்து நிமிடத்துக்கு, 'ஹலோ நான் வந்துட்டேன்'. நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அதைத் தலைவர் அழித்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தலைவர் வந்து நின்றான். பின்னால் வேகமும் படக்காரனும்.

"டீச்சர், உள்ள வரலாமா? ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

"கோள் சொல்றேன்னு நெனைக்காதீங்க டீச்சர். நீங்களே பாத்திருப்பீங்க. ரேடியோ எங்க குரூப்ல ஒண்ணுமே பண்ணல. பேசிட்டே இருந்தா, அவ்வளவுதான். அவளுக்கும் எங்களுக்கும் ஒரே மார்க் போட்டா அது நியாயம் இல்லல்ல?"

வேகம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படக்காரன் கதவில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான்.

"பாத்துட்டேன். நீங்க போங்க," என்றாள் டீச்சர்.

மதிப்பெண் தாளில் ரேடியோவின் கட்டத்துக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனாள். தனிப் பங்கு, பத்துக்குப் பூஜ்யம். கணக்கு சுத்தமாக இருந்தது. ஆனால் பேனா தாளைத் தொடவில்லை. 'ஒண்ணுமே பண்ணல, பேசிட்டே இருந்தா.' அந்த வார்த்தைகளை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். கேட்டதில்லை. சொன்னது. இதே வயதில், இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் நின்று, அவளே சொன்னாள்.

முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு 'அச்சு' என்று பெயர். அச்சடித்த மாதிரி கையெழுத்து என்பதால் வந்த பெயர். எட்டாம் வகுப்பில் அவளோடு சேர்ந்தவர்கள் மூன்று பேர். நெட்டை, குண்டூசி, இரட்டைப்பின்னல். பள்ளிக் கண்காட்சிக்காக 'எங்கள் தெருவின் இருபத்துநாலு மணி நேரம்' என்று ஒரு பெரிய அட்டை தயார் செய்தார்கள். ஒரு தெருவில் விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை என்னென்ன ஓசை கேட்கும் என்பதை மணிவாரியாக எழுதி, ஓரத்தில் படம் வரைய வேண்டும். யோசனை யாருடையது என்று இப்போது நினைத்துப் பார்த்தால், அதுவும் நெட்டையுடையதுதான்.

ஐந்து சனிக்கிழமை, குண்டூசி வீட்டு மாடி அறையில் வேலை நடந்தது. தகரக் கூரை. மத்தியானம் ஆனால் அப்பளம் பொரியும் சூடு. நான்கு வெள்ளை அட்டைகளைப் பின்பக்கம் ஒட்டி ஒன்றாக்கி, தரையில் விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் குண்டூசி அப்பாவின் கனத்த புத்தகங்களை வைத்திருப்பார்கள். மைதாவைக் காய்ச்சிச் செய்த பசை ஒரு பழைய டப்பாவில் இருக்கும். இரண்டாவது வாரமே அது நாற ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அந்த நாற்றத்துக்கு எல்லோரும் பழகிப்போனார்கள். வீட்டுக்குப் போன பிறகு விரலை முகர்ந்தால் அது இல்லாதது ஒரு குறையாக இருக்கும். இரட்டைப்பின்னல் கோடு போடுவாள், குண்டூசி படம் வரைவாள், அச்சு மண்டியிட்டு எழுதுவாள்.

நெட்டை தரையில் படுத்திருப்பாள். உட்கார்ந்தால் காலை வைக்க இடமில்லை என்று சுவர் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பேசுவாள்.

"காலைல ஆறு மணி. மளிகைக் கடை ஷட்டர். எழுதிட்டியா?"

"கடகடன்னு எழுதிட்டேன்."

"அய்யோ, அழி. ஊர்ல இருக்கற எல்லா ஷட்டரும் கடகடன்னுதான் போகும். நம்ம கடை ஷட்டர் பாதியில மூச்சு வாங்கும். கட கட கட... ம்ம்... கடார்! அந்த 'ம்ம்'லதான் கடைக்காரர் இடுப்பப் பிடிச்சுக்குவாரு."

மூன்று பேரும் சிரித்து உருளுவார்கள். அச்சு அதை எழுதுவாள். ஏழு மணிக்குப் பால்காரர் சைக்கிள்: மணி அடிக்காது, மட்கார்டுதான் அடிக்கும், 'சிலுங் சிலுங்'. பத்து மணிக்குத் தெருவில் ஒன்றும் கேட்காது. "ஒண்ணும் கேக்காதுன்னு எழுதாத. எல்லாரும் வேலைக்குப் போன பிறகு வீட்டுக் குழாய்க சொட்டறது கேக்கும்னு எழுது." மாலையில் தையல்காரர் இயந்திரம். மழை நாளில் தகரக் கூரைக்கு ஒன்று, ஓட்டுக் கூரைக்கு ஒன்று, யாரோ மறந்துபோய் மாடியில் விட்டுவிட்ட பிளாஸ்டிக் வாளிக்கு ஒன்று என்று மூன்று விதமான ஓசை. ஒவ்வொன்றையும் நெட்டை வாயாலேயே செய்து காட்டுவாள். அச்சு அதைக் கேட்டு எழுத்தாக மாற்றுவாள். எழுதிய ஒவ்வொரு வரியும் அவ்வளவு அழகாக இருக்கும். தன் எழுத்தைத் தானே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தாவது சனிக்கிழமை நெட்டை வரவில்லை. அவள் தம்பிக்குக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. மற்ற இருவரும் சீக்கிரம் போய்விட்டார்கள். கடைசி எட்டு மணி நேர ஓசைகளை, முன்பே நெட்டை சொல்லி நோட்டில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்து, அச்சு தனியாக உட்கார்ந்து எழுதினாள். விரல் வீங்கிவிட்டது. முழங்காலில் தரையின் தடம் பதிந்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பு டீச்சர் அட்டையைப் பார்த்து அசந்துபோய், "யாரு எழுதினது இவ்வளவும்?" என்று கேட்டபோது, அந்த வீங்கிய விரல்தான் பேசியது.

"நான்தான் டீச்சர். எல்லாம் என் கையெழுத்துதான். நெட்டை ஒண்ணுமே பண்ணல. படுத்துக்கிட்டுப் பேசிட்டே இருந்தா."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வகுப்பு டீச்சர் ஒரு வெள்ளைத் தாளைப் பட்டையாகக் கத்தரித்து, அட்டையின் கீழே இருந்த நாலு பெயரில் நாலாவது பெயரின் மேல் ஒட்டினார். நெட்டை பக்கத்திலேயே நின்றாள். அவ்வளவு பேசுகிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டைக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்த விடுமுறையில் நெட்டையின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

டீச்சர் பேனாவை மூடினாள். மேசை மேல் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. இத்தனை வருடமும் அந்த அட்டையை நினைக்கும்போதெல்லாம் தன் கையெழுத்தைத்தான் நினைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதில் எழுதியிருந்த ஒரு வரியாவது தன்னுடையதா என்று இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டுப் பார்த்தாள். கடகட என்று முதலில் எழுதியது அவள். அழித்தது நெட்டை சொல்லி.

மத்தியானம் வேகத்தை மட்டும் கூப்பிட்டு அனுப்பினாள்.

"லாரி ஓட்டுநர் பத்தி எழுதினது நீதானே?"

"ஆமா டீச்சர்."

"அவர்கிட்ட பேசினதும் நீதானா?"

வேகம் சட்டைப் பொத்தானைத் திருகினாள். "இல்ல டீச்சர். எனக்கு அவரப் பாத்தாலே பயமா இருந்துச்சு. பெரிய மீசை. நாங்க மூணு பேரும் லாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டோம். ரேடியோதான் நேராப் போயி, 'அண்ணே, உங்க லாரிக்கு என்ன வயசு?'ன்னு கேட்டா. அவர் சிரிச்சிட்டாரு. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாரு."

"கொட்டகை அம்மா?"

"அதுவும் அவதான்."

"சரி, எழுதும்போது?"

"எங்க வீட்ல உக்காந்து எழுதினோம். அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். அவளுக்கு டைப் பண்ண வராது டீச்சர், ஒரு எழுத்துக்கு மூணு நிமிஷம் தேடுவா. என் பேர்ல உள்ள போயிருந்தேன், அதான் எல்லாம் நீலமா வந்துடுச்சு."

"இத ஏன் காலைலயே சொல்லல?"

வேகம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நீங்க அதக் கேக்கவே இல்லையே டீச்சர். யார் எழுதினதுன்னு கோப்பு காட்டும்னுதானே போட்டிருந்தீங்க? எழுதினது நான்தானே?"

டீச்சர், போய் வா என்று தலையாட்டினாள்.

மதிப்பெண் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று வகுப்பில் சொன்னாள். பிறகு கம்ப்யூட்டர் சாரிடம் போனாள்.

"சார், உங்க கோப்புக்குக் கண்ணு இருக்கு, காது இல்ல."

நடந்ததைக் கேட்டு அவர் தலையைச் சொறிந்தார். இருவரும் உட்கார்ந்து வேலையைத் திருத்தினார்கள். ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் ஒரு சின்ன அட்டவணை சேர்த்தார்கள். அதில் யாரும் தன்னைப் பற்றி எழுதக் கூடாது, மற்ற மூன்று பேரைப் பற்றித்தான் எழுத வேண்டும். கேள்வி ஒன்றுதான்: இவர் இல்லாவிட்டால் இந்தக் கோப்பில் எது இருந்திருக்காது?

விடைகள் வந்தபோது சிலவற்றுக்குச் சிரித்தாள், சிலவற்றைத் திரும்பப் படித்தாள். மெத்தைக் குழுவில் ஒருவனைப் பற்றி, 'இவன் இல்லாவிட்டால் நாங்கள் ஒரு வாரம் முன்பே முடித்திருப்போம்' என்று இருந்தது. கண்ணாடிக் குழுவில் ஒரு பையன் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. ஆனால் இரண்டு பேர் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாலு நாளும் அவன்தான் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடந்திருக்கிறான். செருப்புக் கோப்பில் தலைவர் ரொம்ப நேரம் யோசித்திருக்க வேண்டும். ரேடியோவுக்கு நேரே மூன்று தடவை எழுதி அழித்ததைக் கோப்பு காட்டியது. கடைசியில் இருந்தது இதுதான்: 'இவள் இல்லாவிட்டால் நாங்கள் இதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்போம்.'

ஆனாலும் வகுப்பு முடிந்ததும் வந்து, "இப்ப என் மார்க் குறையுமா டீச்சர்?" என்று கேட்டான்.

"குறையாது. அவளுக்குக் கூடும்."

"ஓ. அப்படின்னா சரி," என்று போனான்.

சனிக்கிழமை மத்தியானம் கணவன் கடைக்குப் போயிருந்தான். துணி மடித்துக்கொண்டிருந்த டீச்சர் அதைப் பாதியில் விட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். பழைய வகுப்புத் தோழிகளுக்கென்று குண்டூசி தொடங்கிய ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் நெட்டையும் இருந்தாள். இரண்டு வருடமாக இருந்தாள். அவள் எழுதவே மாட்டாள். எல்லாம் குரல் செய்திதான், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நாலு நிமிடம். யாருக்கு இதைக் கேட்க நேரம் இருக்கிறது என்று டீச்சர் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. குழுவின் சத்தத்தையும் நிறுத்தி வைத்திருந்தாள். நேரம்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லி வந்தது எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போது புரிந்தது.

முதல் செய்தியைத் தட்டினாள்.

குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, மற்றபடி அதே குரல். அவள் பல் மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாளாம். டாக்டர் ஊசி போடும்போது நோயாளிக்குப் பேச்சுக் கொடுப்பதுதான் தன் முக்கிய வேலை என்றாள். பிறகு, பல் துளைக்கும் இயந்திரம் கடைவாய்ப் பல்லில் ஒரு மாதிரியும் முன்பல்லில் ஒரு மாதிரியும் கத்துவதைச் செய்து காட்டினாள். டீச்சர் ஒரு தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்ததைத் தட்டினாள். பக்கத்து வீட்டு மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் விடும் ஏப்பம். மகன் சாப்பாடு பிடிக்காதபோது தட்டில் போடும் தாளம். அப்பா கடைசி மூச்சு விட்டதைப் பற்றிய செய்தி ஒன்று. அதில் அவள் எதையும் செய்து காட்டவில்லை, "அவ்வளவுதான்டி" என்று முடித்திருந்தாள். அதற்குக் கீழே எல்லோரும் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அச்சு மட்டும் சொல்லவில்லை.

நாற்பத்தொரு செய்திகளையும் கேட்டு முடித்தபோது வெயில் சன்னலைவிட்டு இறங்கியிருந்தது. யோசித்தால் பயம் வந்துவிடும் என்று உடனே எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ?"

"நெட்டை... நான் அச்சு பேசறேன்."

"அடிப்பாவி! இன்னைக்கு எந்தப் பக்கம் சூரியன் உதிச்சுது? நல்லா இருக்கியா? உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லாத்தான் இருக்கேன். அப்பா போனப்ப நான் ஒரு வார்த்தை கேக்கல. இப்பதான் கேட்டேன் உன் செய்தி."

"அதுக்கென்ன. இப்ப கேட்டுட்டல்ல."

"இன்னொண்ணும் இருக்கு. அந்த அட்டை. கண்காட்சி அட்டை. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றாள் நெட்டை. குரலில் சிரிப்பு நின்றுவிட்டது.

டீச்சர் சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னாள். ஒழுங்காக வரவில்லை. செருப்பு, லாரி, நீல வண்ணம், மைதாப் பசை எல்லாம் கலந்து வந்தது. "அது எல்லாம் நீ சொன்னதுடி. நான் எழுத மட்டும்தான் செஞ்சேன். நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடு."

எதிர்முனையில் நெட்டை நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.

"மார்க் போனது எனக்கு ஒண்ணுமே இல்ல அச்சு," என்றாள் பிறகு. "என்ன ஆச்சு தெரியுமா? வீட்ல அம்மா கேட்டாங்க, ஏன்டி உன் பேர் இல்லன்னு. நான் ஒண்ணும் பண்ணலம்மா, சும்மா பேசிட்டிருந்தேன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே அத நம்பிட்டேன். ரொம்ப வருஷம், நமக்கு வாய் மட்டும்தான், உருப்படியா ஒண்ணும் வராதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். முதல்ல வேலைக்குச் சேந்தப்ப டாக்டர் என்னப் பாத்து, நீ பேசறதாலதான் குழந்தைங்க வாயத் தொறக்குதுன்னாரு. அன்னைக்குக் கழிப்பறையில போயி அழுதேன்."

"அன்னைக்கே ஏன் நீ ஒண்ணும் சொல்லல? டீச்சர் முன்னாடி?"

"நீ தேம்பித் தேம்பி அழுதுட்டு இருந்த. நானும் ஆரம்பிச்சா யாரு யாரச் சமாதானம் பண்றது?" என்றாள் நெட்டை. பிறகு, "கோபம் இருந்துச்சுடி. இல்லன்னு சொன்னா அது பொய். இப்ப எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்கே தெரியல. பேசிப் பேசிப் பாப்போம்," என்றாள்.

"பேசு. நான் கேக்கறேன்."

"நீயா? ரெண்டு வருஷமா என் ஒரு மெசேஜ் கேக்கல, கேக்கறாளாம்!" அவள் சிரித்தபோது டீச்சருக்கு மூச்சு வந்தது. "சரி, அந்தச் செருப்புக் கதைய எனக்கு அனுப்பு. அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருக்கான்னு பாக்கறேன்."

மாணவர்களிடமும் அவர்கள் வீட்டிலும் கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமை கோப்பை அனுப்பிவைத்தாள். மறுநாள் நெட்டையிடமிருந்து ஆறு நிமிடக் குரல் செய்தி வந்தது. ஓய்வு நேரத்தில் செருப்புக் குழுவைக் கூப்பிட்டு, கைப்பேசியை மேசையில் வைத்து அதைப் போட்டுக் காட்டினாள். முதல் மூன்று நிமிடம் பாராட்டு. தலைவர் காலரைச் சரிசெய்துகொண்டான். பிறகு நெட்டையின் குரல் கேட்டது: "எல்லாம் நல்லா இருக்கு கண்ணுங்களா. ஆனா ஒண்ணு கேக்க மறந்துட்டீங்களே. ஊர் செருப்பெல்லாம் வாரிட்டுப் போறாரே அந்த லாரிக்காரர், அவரோட பிஞ்ச செருப்ப அவர் எங்க போடுவாராம்? தன் லாரியிலயேவா?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அய்யோ, இத எப்படி நான் கேக்காம விட்டேன்?" என்று ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள்.

"மார்க் போட்டாச்சுல்ல டீச்சர்? இனிமே எழுதினா அதுக்கு மார்க் உண்டா?" என்றான் தலைவர்.

"கிடையாது."

அவன் யோசித்தான். "லாரி நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடும். ஆறே முக்காலுக்கு அங்க இருக்கணும்," என்றான்.

"இந்தத் தடவ நானும் பேசறேன்," என்றாள் வேகம். குரல் எழும்பவில்லை. "நீ பக்கத்துல நில்லு, போதும்."

"மீசைய மட்டும் பாக்காத, கண்ணப் பாரு," என்று ரேடியோ அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். நான்கு பேரின் சத்தமும் படிக்கட்டில் இறங்கி, மைதானத்தில் கலக்கும்வரை கேட்டது. டீச்சர் கைப்பேசியை எடுத்து, நெட்டைக்கு எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.